மாட்டுக்கு வாங்கிய கீல்

“கேட்டு என்னா கனம் இருக்கும்மா?” என்று கடைக்காரர் கேட்டார். தையல்நாயகிக்குத் தெரியவில்லை. அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து தினமும் திறந்து மூடுகிற கேட்டுதான், பெயிண்ட் அடிப்பதும் எண்ணெய் விடுவதும் அவள்தான், ஆனால் அதன் கனத்தைப் பற்றி ஒரு நாளும் நினைத்ததில்லை. கேட்டை நிறுத்துப் பார்த்துக் குடும்பம் நடத்துகிறவள் உலகத்தில் உண்டா? கனம் தெரிந்த ஒரே ஆள் அவளுக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளியின்மேல், கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் புருஷன் கொளஞ்சி. ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஓய்வு பெற்ற சில வருஷங்களில் அவருடைய ஞாபகமும் ஓய்வு வாங்கிக்கொண்டது. இன்று என்ன கிழமை, சாப்பிட்டோமா இல்லையா, எதிரில் நிற்பது பெண்டாட்டியா பால்காரியா, எதுவும் தங்குவதில்லை. கை மட்டும் எதையும் மறக்கவில்லை. அந்தக் கையால்தான் மூன்று தடவை வீட்டுக் கேட்டைத் தூக்கிவிட்டார். திறக்கவில்லை, தூக்கினார். சுவரில் பதித்த முளையின்மேல் கேட்டின் வளையம் சும்மா உட்கார்ந்திருக்கிற பழைய மாதிரிக் கீல் அது. தூக்கினால் கையோடு கழண்டு வந்துவிடும் என்பது அவர் தூக்கும்வரை வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. ரயில்வே கேட்டை யாரும் திறப்பதில்லை. ‘கேட்டு போட்டுட்டாங்க’, ‘கேட்டு தூக்கிட்டாங்க’ என்றுதான் ஊரே பேசும். வேலைக்காலம் முழுக்க போட்டும் தூக்கியும் பழகிய மனுஷன். கேட்டு என்று ஒன்று இருந்தால் அது தூக்குவதற்குத்தான் என்று கை தானாக முடிவுகட்டிவிட்டது. மூன்றாவது தடவை அது சரிந்து காலில் விழுந்து பெருவிரல் நகம் போயிற்று. கட்டுப் போட்ட காலைச் செருப்பில் நுழைக்க முடியாமல் ஒற்றைச் செருப்போடு கடைவீதிக்கு வந்திருக்கிறார்.

“கனம் தெரியல தம்பி. உள்ள இருந்து தூக்குனா வரக் கூடாது. அவ்வளவுதான்.”

“உள்ள இருந்தா?” தனவேல் என்கிற அந்தக் கடைக்காரர் நெற்றியைச் சுருக்கினார். பிறகு முகம் மலர்ந்துவிட்டது. “மாடா?”

“ஆமா,” என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. கடைக்காரர்மேலும் தப்பில்லை. கேட்டைக் கழற்றுகிற திருடன் வெளியிலிருந்து வருவான். உள்ளேயிருந்து கேட்டைக் கழற்றுவது, கொம்பை விட்டு நெம்பித் தெருவுக்குப் போகிற மாடுதான். வேறு யார் உள்ளேயிருந்து கழற்றப்போகிறார்கள்? இல்லை தம்பி, இதோ பின்னால் வாளியில் உட்கார்ந்திருக்கிறாரே இவர்தான் என்று, அவர் காதுபட, கடை நிறைய ஆணியும் பைப்பும் வாங்க நிற்கிற ஆம்பிளைகள் முன்னால் எப்படிச் சொல்வது? சொன்னால் எல்லோரும் திரும்பி அவரைப் பார்ப்பார்கள், அதற்கப்புறம் அவளைப் பார்ப்பார்கள், அந்த இரண்டாவது பார்வைதான் அவளுக்கு ஆகாது. ஐயோ பாவம் என்கிற பார்வை. மாடு என்றால் யாரும் பாவப்படமாட்டார்கள். மாடு என்று சொன்னது சௌகரியமாகத்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தாள். கொளஞ்சி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“காளையாம்மா, பசுவா?”

“காளை.”

“வயசு?”

“ஆயிடுச்சி.”

“பல்லு?”

“எல்லாம் போயிடுச்சி தம்பி.”

“அப்ப கெழட்டு மாடு,” என்று தனவேல் உச்சுக்கொட்டினார். பிறந்ததிலிருந்து மாட்டோடு வளர்ந்தவராம், இரும்புக்கடைக்கு வந்தது தலையெழுத்தாம். மாட்டுப் பேச்சு என்றால் வாங்க வந்த மற்ற ஆட்களெல்லாம் நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான் போலிருக்கிறது. “எதுக்கும்மா வச்சிருக்கீங்க? ஏருக்கும் ஆவாது, வண்டிக்கும் ஆவாது.”

“வச்சிருக்கோம்,” என்றாள். அந்தச் சொல் வாயிலேயே கிடந்தது. வச்சிருக்கோம். இவரை நான் வச்சிருக்கேனா, இவர் என்னை வச்சிருக்காரா? திருப்பூரிலிருந்து மகள் பவானி போனில் வேறு ஒரு சொல் வைத்திருக்கிறாள். சேத்துடலாம்மா. அப்பாவை ஒரு நல்ல எடத்துல சேத்துடலாம்மா. பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள், ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள், கரை சேர்ப்பார்கள். சேர்ப்பது என்பது நல்ல சொல்தான். பவானியும் கெட்ட பெண் இல்லை. இரண்டாவது தடவை அவர் தண்டவாளத்துக்குப் போய் நின்ற சேதியைக் கேட்டதிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை என்று மருமகன் சொன்னார். அவர் வேலை பார்த்த கேட்டே இப்போது அங்கே இல்லை. அடியில் சுரங்கப்பாதை போட்டுவிட்டார்கள், மேலே இரண்டு பக்கமும் சுவர். சுவர் முடிகிற இடத்தில் முள்ளுக்குள் புகுந்து மேலே ஏறி, கேட்டு இருந்த இடம் இதுதான் என்று குறிதப்பாமல் கண்டுபிடித்து, தண்டவாளத்துக்கு ஒட்டினாற்போல் நின்றிருக்கிறார். தண்டவாள வேலை பார்த்த பழைய கேங்மேன் ஒருவர் அடையாளம் தெரிந்து கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். அன்று வண்டி வரவில்லை. அடுத்த தடவையும் வராது என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்? அதற்காகத்தான் கீல். கேட்டு நின்றால் அவர் உள்ளே நிற்பார். உள்ளே நின்றால் சேர்க்க வேண்டியதில்லை. பவானி தீபாவளிக்கு வருவாள், வந்து கேட்டைப் பார்ப்பாள், ஆட்டிப் பார்ப்பாள், அதற்குமேல் அந்தச் சொல்லை எடுக்கமாட்டாள். கல்லுமாதிரி நிற்கிற கீல் ஒரு ஜோடி கிடைத்தால் போதும், அவர் வீட்டிலேயே இருந்துகொள்வார், அவளும் இருந்துகொள்வாள்.

“உள்ள வாங்கம்மா. பெரிய கீலெல்லாம் இங்க கீழடுக்குல இருக்குது, நீங்களே கையில எடுத்துப் பாருங்க.” கல்லா மேசைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த தூக்குப் பலகையை தனவேல் ஒரு கையால் உயர்த்தினார். அவள் திரும்பி, “இங்கயே இருங்க. எங்கயும் போகக் கூடாது,” என்றாள். கொளஞ்சி தலையாட்டினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார், அது அந்தக் காலத்திலிருந்தே அப்படித்தான். அவள் குனிந்து உள்ளே போனாள். குனிந்து நிமிர்வதற்குள் இரண்டு முட்டியும் சத்தம் போட்டன. டாக்டர் அதற்குக் கீல்வாதம் என்று பெயர் சொன்னார், அப்படியானால் முட்டியில் இருப்பதும் கீல்தான், அதை எந்தக் கடையில் மாற்றுவார்களோ. பலகை பின்னால் டப்பென்று விழுந்தது.

தனவேல் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். இது சாதா முளை, உங்க வூட்டுல இருக்கறது இதுதான், மாடு மூக்கால தள்ளுனாலே போயிடும். இது நீள முளை, மேட்டுல இருக்கற கேட்டுக்குப் போடறது, தெறக்கறப்ப ஒரு சாண் மேல எழும்பும், கழண்டு வராது, தலையில தடுப்பு இருக்குது. உங்களுக்கு இது வேணாம். இது பாருங்க, இதான் மாட்டுக்குன்னே செஞ்சது. தொப்பி வச்சிப் பத்தவச்சிருக்கான். ஒரு நூல் எழும்பாது. யானை வந்து தூக்கட்டும், எழும்பாது. அவள் அதைக் கையில் வாங்கினாள். சில்லென்று இருந்தது. கிரீஸ் பூசிய இரும்பின் வாசனை. நல்ல வாசனைதான், ஆனால் அது அவளுக்கு நேரே வயிற்றுக்குப் போகும். கேட்டுக் கம்பத்தின் அடியில் சங்கிலி சுற்றுகிற உருளைக்கு அவர் இதே கிரீஸைத்தான் பூசுவார். அன்றைக்கு வாடகைக் காரின் கண்ணாடி இறக்கியிருந்தது, இந்த வாசனை உள்ளே வந்தது. அவள் பின்சீட்டில் அம்மா மடியில் கிடந்தாள். தலைப்பிரசவம். பிறந்த ஊர் லைனுக்கு அந்தப் பக்கம், ஆஸ்பத்திரி இந்தப் பக்கம், நடுவில் அவர் போட்டு வைத்திருந்த கேட்டு. கூட்ஸ் வருகிறது என்று ஸ்டேஷனிலிருந்து போன் வந்து, நம்பர் வாங்கி எழுதிப் பூட்டியாகிவிட்டது. பூட்டினால் வண்டி போகும்வரை அவரே நினைத்தாலும் தூக்கக் கூடாது. கூட்ஸ் எங்கேயோ நின்று நின்று வந்தது. டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். அவள் தம்பி இறங்கி ஓடிப்போய், “மாமா, அக்கா மாமா, தூக்குங்க மாமா,” என்று கத்தியது இப்போதும் கேட்கிறது. அவர் திரும்பவில்லை. லைனைப் பார்த்தபடி, கையில் பச்சைக்கொடியை நீட்டிப் பிடித்தபடி நின்றார். முதுகுதான் தெரிந்தது, காக்கிச் சட்டை தோள்பட்டையில் வேர்த்து ஒட்டியிருந்தது. கரி ஏற்றிய பெட்டிகள். அவள் பெட்டிகளை எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டாள். கடைசிப் பெட்டி போனதும் கேட்டு மேலே போயிற்று, கார் குலுங்கிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டியது, அப்போதாவது பார்ப்பார் என்று தலையைத் தூக்கினாள். அவர் போகிற வண்டியின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பெட்டி கண்ணுக்கு மறைகிறவரை பார்க்க வேண்டும், அது ரூல். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, பையன்தான், கொடி சுத்திக்கிச்சு, காப்பாத்த முடியல, என்றார்கள். கொடி. தொப்புள்கொடிதான் என்று தெரியும். ஆனால் மயக்கத்தில் அவளுக்குத் தெரிந்தது அந்தப் பச்சைக்கொடி. அதுதான் குழந்தை கழுத்தில் சுத்திக்கொண்டது என்று எவ்வளவோ காலம் ஒரு எண்ணம், பைத்தியக்கார எண்ணம். அடுத்துப் பெண் பிறந்தபோது மாமியார் பூங்கொடி என்று பெயர் வைக்கலாம் என்றாள். வேண்டவே வேண்டாம் என்று தையல்நாயகி ஒற்றைக்காலில் நின்றாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. அவர் அந்த நாளைப் பற்றி வாயைத் திறந்ததே இல்லை, அவளும் கேட்டதில்லை, அவர் செய்தது சரி என்று அவளுக்குத் தெரியும், சரி என்று தெரிந்ததுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒரு ரூலோடு எப்படிச் சண்டை போடுவது?

“கையில நல்லா கனமா இருக்குதில்ல?” என்றார் தனவேல்.

“இருக்குது.” ஒரு நூல் எழும்பாது. அப்படியானால் அவர் வந்து கையை வைப்பார், தூக்குவார், எழும்பாது. மறுபடி தூக்குவார். அவர் சோர்ந்து உட்காருகிற ஆள் இல்லை. கட்டுப் போட்ட காலை ஊன்றிக்கொண்டு, நெஞ்சு வலிக்க வலிக்கத் தூக்கிக்கொண்டே இருப்பார். தூக்காத கேட்டு என்றால் கேட் கீப்பருக்கு என்ன அர்த்தம்? இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்கும், ஹாரன் அடிப்பார்கள், வைவார்கள். அதெல்லாம் அவர் காதில் கேட்கும். கேட்கட்டும், தண்டவாளத்தில் நிற்பதற்கு இது மேல். மேல்தானா? மேல்தான். அவள் கீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எப்பம்மா தூக்குது அது?” தனவேல் விடுகிறவராக இல்லை. “மாடு சும்மா தூக்காது பாருங்க. தீனி நேரத்துலயா? வேற மாட்டைப் பாத்தா? எங்கூட்டு மாடு ஒண்ணு கன்னுக்குட்டி கத்துனா மட்டும்தான் கயித்த அறுக்கும்.”

எப்போது? அவள் இதுவரை அப்படி யோசித்ததில்லை. கிறுக்குக்கு நேரம் காலம் உண்டா என்றுதான் இருந்தாள். முதல் தடவை அவள் பால் வாங்கப் போயிருந்தாள், திரும்பி வருகிறாள், கேட்டு தெருவில் சாய்ந்து கிடக்கிறது, அவர் பக்கத்தில் ஓரமாக நிமிர்ந்து நிற்கிறார். இரண்டாவது தடவை ஊரில் சித்தப்பாவுக்குக் கருமாதி. பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போனாள். அன்றைக்குத்தான் கேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு லைனுக்கே போய்விட்டார். ஊர் லைனுக்கு அந்தப் பக்கம். மூன்றாவது தடவை ரேஷன் கடை. கையில் பையோடு தெருமுனை திரும்பும்போதே அவர் தூக்குவது தெரிந்தது, ஓடினாள், முட்டி ஓடவிடவில்லை, கேட்டு சரிந்தது. மூன்று தடவையும் அவள் வெளியே இருந்தாள். சரி, வீட்டில் அவள் இருந்தால் தடுப்பாள், இல்லாதபோதுதானே செய்ய முடியும். அப்படித்தான். ஆனால் மத்தியானம் அவள் அசந்து தூங்குகிறாள், குளிக்கப் போகிறாள், மாடியில் துணி காயப்போடுகிறாள். அப்போதெல்லாம் கேட்டு அது பாட்டுக்கு நிற்கிறதே. தபால்காரர் வந்து மணி அடிக்கிறார், ஆட்டோ ஹாரன் அடிக்கிறது, கொளஞ்சி நாற்காலியிலிருந்து அசைவதில்லையே. அவள் வெளியே போனால் மட்டும். அவள் கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தால் மட்டும். சே, என்னத்தையாவது நினைத்துக்கொண்டு. பெண்டாட்டி பெயர் தெரியாத ஆளுக்கு அவள் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்பது மட்டும் தெரியுமா? தெரியாது. அப்படியெல்லாம் இருக்காது. கடையில் கரண்ட் போய் மின்விசிறி நின்றது, யாரோ ஒரு ஆள் அரையங்குல பைப்பு எல்போ கேட்டு அவசரப்படுத்தினான், அவள் கையில் இருந்த கீலின் கிரீஸ் விரலிடுக்கில் வழுக்கியது.

“தெரியல தம்பி,” என்றாள்.

அப்போது ஸ்டேஷன் பக்கத்திலிருந்து ஹாரன் கேட்டது. அந்தக் கடைவீதிக்குப் பின்னால்தான் லைன். கூட்ஸ் வண்டி என்று அவளுக்குச் சத்தத்திலேயே தெரியும், கேட்டுவீட்டில் குடும்பம் நடத்தியவளுக்கு இதுகூடத் தெரியாதா? அலமாரியில் கண்ணாடி ஜார்கள் கிணுகிணுக்க ஆரம்பித்தன. கொளஞ்சி வாளியிலிருந்து எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கல்லாவுக்கு முதுகைக் காட்டி, வண்டிச் சத்தம் வருகிற பக்கம் முகத்தை வைத்து, ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நின்றார். வாங்க வந்தவர்கள் ஒதுங்கினார்கள், ஒருவன் சிரித்தான். அவள் பலகைக்கு உள்பக்கம் நின்றாள். அதே முதுகு. சுருங்கிப்போயிருந்தது, சட்டை காக்கி இல்லை, ஆனால் அதே முதுகுதான். வண்டி போய்க்கொண்டே இருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. இவ்வளவு காலத்துக்குப் பிறகு, ஒரு இரும்புக்கடையில், அவ்வளவு கோபம் வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. திரும்புய்யா, ஒரு தடவை திரும்பு. கடைசிப் பெட்டியின் சத்தமும் தேய்ந்தது. அவர் கையை இறக்கினார். வண்டி போன பக்கத்தைப் பார்க்கவில்லை. வால் மறைகிறவரை நிற்கவில்லை. சட்டென்று திரும்பி, நொண்டிக்கொண்டு நேரே அவளிடம் வந்தார், தூக்குப் பலகையின் அடியில் இரண்டு கைகளையும் கொடுத்து, தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். பிடித்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தார்.

“வண்டி போயிடுச்சி. போ. சீக்கிரம் போ தையலு.”

பெயரைச் சொன்னார். கடைசியாக எப்போது சொன்னார் என்று அவளுக்கு ஞாபகம் இல்லை. தனவேல், “பெரியவரே விடுங்க, நான் புடிச்சிக்கிறேன்,” என்று கையை நீட்டினார். “அவரு புடிக்கட்டும் தம்பி,” என்றாள். குனிய வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு உயர்த்தியிருந்தார். அவள் நிமிர்ந்தபடியே நடந்து வெளியே வந்தாள். வந்து நின்று, “வந்துட்டன். எறக்குங்க,” என்றாள். அவர் பலகையைச் சத்தம் வராமல் இறக்கினார். இறக்கிவிட்டு வாளியில் போய் உட்கார்ந்துகொண்டார், அதற்குள் முகம் பழையபடி காலியாகிவிட்டது. அவள் அவர் பக்கத்தில் நின்று, அவர் தோளில் கையை வைத்தாள். விரலில் இருந்த கிரீஸ் சட்டையில் ஒட்டியது. ஒட்டட்டும், துவைப்பவள் அவள்தானே.

“அப்ப தொப்பி வச்சதே போட்டுடலாமாம்மா?” என்றார் தனவேல்.

“வேணாம். அந்த நீள முளையைக் குடுங்க.”

“அது தூக்குனா எழும்புமேம்மா.”

“எழும்பட்டும். கழண்டு வராதில்ல?”

“வராது. ரெண்டு ஆளு சேந்து தொங்குனாலும் தாங்கும், கெட்டி இரும்பு.” அவர் கீழடுக்கில் தேடி எடுத்து மேசையில் வைத்தார். வைத்த பிறகும் அவருக்கு மனசு ஆறவில்லை. “ஆனா தூக்கறதுக்குத் தோதா வச்சிக் குடுத்தா அது தெனம் தூக்குமே. மாட்டுக்கு எதுக்கும்மா அது?”

“மாடு இல்ல தம்பி,” என்றாள் தையல்நாயகி. கடையில் நின்ற எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள். “கேட் கீப்பர்.”